கணக்கப்பிள்ளை

கணக்கப்பிள்ளை என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஓர் உருவம் நம் கண் முன் வந்து நிற்கும். காதில் செருகிய பென்சில், மடியில் சாவிக்கொத்து, எதிரே சாய்வுப் பெட்டி, முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் நிமிரும் முதுகு. நம் கதாசிரியர்கள் இந்த மனிதரைக் கேலி செய்தே எத்தனையோ பக்கங்களை நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிராயச்சித்தமாக, வேறொரு கணக்கப்பிள்ளையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நிர்வாகிகளைத் தயாரிப்பதற்கென்றே 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் பெரிய ஸ்தாபனங்கள் தோன்றின. இப்போது பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்களுக்குக்கூட நிர்வாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதெல்லாம் நம் காலத்துப் புதுமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் தூத்துக்குடிக் கடற்கரையில், நானூற்றெண்பது வருஷங்களுக்கு முன்பே, ஒரு மனிதர் ஊருக்கு ஓர் ஆளைப் பொறுக்கி எடுத்து, பாடம் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்து, சம்பளமும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அந்த ஆளுக்குப் பெயர்தான் கணக்கப்பிள்ளை. போர்த்துக்கேசியர்கள் நாக்கில் அது ‘கனக்கபோல்’ ஆயிற்று.

1536, 1537 வருஷங்களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துச் சலாபத்தில் தங்களுக்கு இருந்த உரிமைக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பதே முக்கிய காரணம். போர்த்துக்கேசியக் கப்பல் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரிமார் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். தலையில் தண்ணீர் விழுந்ததோடு சரி. அதன் அர்த்தம் என்னவென்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கோவாக் கல்லூரியில் படித்த இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மூவர் கூட வந்தார்கள். இரண்டு பாஷையும் அரைகுறையாகத் தெரிந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டு ஜபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே நெட்டுருப் போட்டார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார்.

கன்னியாகுமரியிலிருந்து மன்னார்வரை நீண்டு கிடந்த கரை. ஒரே ஒரு சவேரியார். ஓர் ஊரில் மணி அடித்துக்கொண்டிருந்தால் அடுத்த ஊரில் யார் அடிப்பது? அவர் கண்டுபிடித்த வழி மிகவும் எளியது. ஒவ்வோர் ஊரிலும் ஜபங்களை ஏட்டில் எழுதி வைத்தார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பிரதி செய்துகொள்ள வேண்டும். மனப்பாடம் பண்ண வேண்டும். தினமும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூட வேண்டும். இதையெல்லாம் நடத்திவைக்க ஓர் ஆள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, பிறந்த குழந்தை சாகும் நிலையில் இருந்தால் ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாணங்களைக் கவனிப்பது, கோயிலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் தலையில். முத்துக்குளிக்கும் காலத்தில் ஆண்கள் கடலோடு கடலாகப் போய்விடுவார்கள். அப்போதும் ஊரில் நிலைத்திருக்க ஒருவர் வேண்டுமல்லவா? எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்தவர் என்பதால் ‘கணக்கப்பிள்ளை’ என்ற பழைய பெயர் அவருக்குப் பொருத்தமாக ஒட்டிக்கொண்டது.

நெட்டுருப் பாடத்தில் ஓர் ஆபத்து உண்டு. ஏட்டில் ஒரு பிழை இருந்தால் அது நூறு வாயில் நூறு பிழையாகிவிடும். விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் அந்த அரைகுறை மொழிபெயர்ப்பாளர்கள் ‘வேணும்’ என்று போட்டிருந்தார்கள்! கடற்கரை முழுவதும் ஜனங்கள் பக்தி சிரத்தையாக ‘எனக்கு வேணும், எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சவேரியார் 1544-ல் தம் தோழர் மன்சில்யாசுக்கு எழுதிய கடிதத்தில், இனி அப்படிச் சொல்லவேண்டாம், விசுவாசம் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருத்தம் அனுப்பினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே மதிப்பும் வந்தது. தாம் பரப்பிய பாடத்தில் தவறு என்று தெரிந்ததும் அதை மூடி மறைக்காத அதிகாரிகளை நான் அதிகம் சந்தித்ததில்லை.

சம்பளத்துக்குப் பணம் வந்த கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முத்துக்குளித்துறை வருமானத்தில் 4,000 பொன் பணம் வருஷந்தோறும் போர்த்துகல் ராணி கத்தரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மூச்சடக்கி ஆழத்துக்குப் போய்ச் சிப்பி பொறுக்கிய மனிதனின் உழைப்பில் ஒரு பங்கு, அவன் கண்ணால் காணாத ஒரு சீமாட்டியின் செருப்பாயிற்று. சவேரியார் அந்தப் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளுக்குக் கேட்டார். அந்தப் பிள்ளைகளைவிட நல்ல பாதரட்சை, மோட்சத்துக்கு ஏறிப் போக ராணிக்குக் கிடைக்காது என்று எழுதினாராம். பணம் கிடைத்தது. நிதி திரட்டக் கிளம்புகிறவர்கள் இந்த ஒரு கடிதத்தைப் படித்தால் போதும்.

மன்சில்யாசுக்கு அவர் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் நிர்வாக விஷயம்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களைக் கவனியுங்கள், பொறுமையாக இருங்கள், பொறுமையாக இருங்கள் என்று திரும்பத் திரும்ப. 1548 பிப்ரவரியில் மணப்பாட்டில் எழுதிய அறிவுரையில், ஜனங்கள் உங்களை நேசிக்கும்படி நடந்துகொள்ளுங்கள் என்றும், போர்த்துக்கேசியர் முன்னால் இவர்களைக் குறைத்துப் பேசாதீர்கள் என்றும் சொன்னார். அதே 1548-ல், மொலுக்காத் தீவுகளுக்குப் போகச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியாததற்காக மன்சில்யாஸ் ஏசு சபையிலிருந்து விலக்கப்பட்டார். மேலதிகாரி போனார், கணக்கப்பிள்ளைகள் மணியடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

அதற்குப் பின் இந்தக் கரையை நடத்தியவர் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். நம்மவர்களுக்கு அண்டிரிக் அடிகளார். அவர் பயிற்சியை மேலேயிருந்து தொடங்கினார். கரையில் வேலைசெய்யும் பாதிரிமார் தங்களுக்குள்ளேயே தமிழில்தான் பேசவேண்டும், தவறினால் தண்டனை. மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் கணக்கப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசத் தெரியாதவன் அவரை எப்படி மேற்பார்க்க முடியும்? பிறகு புஸ்தகங்கள் வந்தன. 1578-ல் கொல்லத்தில் 16 பக்கத்துத் ‘தம்பிரான் வணக்கம்’, 1579-ல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586-ல் ‘அடியார் வரலாறு’. தமிழ் எழுத்து அச்சேறிய சரித்திரம் என்று இவற்றை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாடவேண்டியதுதான். ஆனால் அந்த அச்சுத்தாள் யாருடைய கைக்காக அடிக்கப்பட்டது என்று பார்த்தால், ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்து கைவலித்த நம் கணக்கப்பிள்ளையின் முகமும் தெரியும். ‘வேணும்’ போன்ற பிழைகளுக்கு அச்சுத்தானே மருந்து!

இவ்வளவு பயிற்சி பெற்றவர்கள் மேலே எதுவரை போகலாம்? கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில் ஒரு சுவர் இருந்தது. கொல்லத்துப் பிராமணர் பேத்ரோ லூயிஸ் 1561-ல் ஏசு சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1575-ல் குருப்பட்டம் பெற்றார். நம்மவர்களில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் ரோமாபுரிக்கு வேண்டுகோள் எழுதினார். பயன் இல்லை. 1773-ல் பழைய சபை கலைக்கப்படும்வரை அதில் இடம் பெற்ற இந்தியர் அவர் ஒருவரே என்று சபையின் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். ஊரைக் கொடுத்தார்கள், பிள்ளைகளைக் கொடுத்தார்கள், சாகும் குழந்தையின் நெற்றியைக்கூடக் கொடுத்தார்கள். நாற்காலியை மட்டும் கொடுக்கவில்லை. சவேரியாரிடம் எனக்குள்ள மதிப்பு பெரியது. அவருக்குப் பின் வந்தவர்களின் இந்தக் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை. குறைந்த சம்பளத்துக்கு நம்பகமான ஆள் கிடைத்துவிட்டால், அவனை மேலே ஏற்றிவிட யாருக்கு அவசரம்?

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பாதிரிமார் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டச்சு போதகர் பால்டேயுஸ் தம் மதப்பிரிவுக்கு ஜனங்களை இழுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. காரணம் பட்டங்கட்டிகளின் கட்டுப்பாடு என்பார்கள். அது உண்மைதான். ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாக, பாதிரியார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜபம் சொல்லிப் பழகிய ஊருக்குப் பாதிரியார் இல்லாதது ஒரு புது அனுபவமா என்ன? மேலதிகாரியே இல்லாமல் நடக்கப் பழகிய காரியாலயத்தை மூடுவது கஷ்டம்.

அந்தக் கணக்கப்பிள்ளைகளின் பெயர்களைத் தேடிப் பார்த்தேன். சவேரியார் ராணிக்கு எழுதியது இருக்கிறது, மன்சில்யாசுக்கு எழுதியது இருக்கிறது. 1554-ல் லிஸ்பனில் தமிழ் ஜபங்களை ரோமன் எழுத்தில் அச்சிடத் துணைபுரிந்த இந்தியர் மூவர்கூட, வின்சென்டே த நசரேத், ஜோர்ஜே கர்வால்யோ, தோமா த குரூஸ் என்று போர்த்துக்கேசியப் பெயரிலாவது நிற்கிறார்கள். ஊர் ஊராக மணியடித்தவர்கள் கூட்டமாக, ‘கனக்கபோல்கள்’ என்ற ஒரே பெயரில் போய்விட்டார்கள்.

1814-ல் ஏசு சபை மறுபடி உயிர்பெற்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் பாதிரிமார் இந்தக் கரைக்குத் திரும்பி வந்தார்கள். 1923-ல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாயிற்று. அதன் முதல் ஆயராக ஓர் ஏசு சபைக் குருவையே நியமித்தார்கள். அவர் பெயர் திபூர்சியுஸ் ரோச். இந்தக் கடற்கரைப் பிள்ளை. நவீன காலத்தில் லத்தீன் ரீதிக்கு இந்தியர் ஒருவர் ஆயரானது அதுவே முதல் தடவை. சவேரியார் வந்து அப்போது 381 வருஷங்கள் ஆகியிருந்தன.