ருசால்கா நினைவுச் சின்னம்

எஸ்தோனியா நாட்டின் தலைநகரான தலின், பால்ட்டிக் கடலின் கரையில் உள்ளது. அந்நகரிலே காட்ரியோர்க் என்றொரு பெரிய பூங்கா உண்டு. ருஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1718ஆம் ஆண்டில் தம் மனைவி கத்தரீனின் பெயரால் அமைக்கத் தொடங்கிய பூங்கா அது. பூங்கா கடலைச் சந்திக்கும் இடத்தில், கருங்கற் பீடமொன்றின் உச்சியில், சிறகு விரித்த வெண்கலத் தேவதை ஒன்று கையில் சிலுவையை உயர்த்திக் கடலை நோக்கி நிற்கிறது. ருசால்கா என்ற போர்க்கப்பலுடன் மாண்ட 177 பேரின் நினைவாக எழுந்த சின்னம் அது.

ருசால்கா என்றால் ருஷ்ய மொழியில் நீர்மகள் என்பது பொருள். 1867ஆம் ஆண்டில் வெள்ளோட்டம் கண்ட இக்கவசக் கப்பல், கரையோரக் காவலுக்கென்றே கட்டப்பட்டது. அதன் மேற்றளம் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருந்தது. அமைதியான கடலில் அது குறையன்று. கொந்தளிக்கும் கடலிலோ அதுவே பேராபத்து.

அக்காலத்தில் ரேவல் என வழங்கிய தலினிலிருந்து, 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் நாள் காலையில் ருசால்கா ஹெல்சிங்கியை நோக்கிப் புறப்பட்டது. பழைய ருஷ்ய நாட்காட்டியின்படி சொல்லப்படும் அந்நாள், இன்றைய கணக்கில் 19ஆம் நாளாகும். துணைக்குச் சென்ற சிறு போர்க்கப்பலின் பெயர் தூச்சா, அதாவது கார்முகில். வழியிலே புயல் மூண்டது. தூச்சா முந்திச் சென்று ஹெல்சிங்கியை அடைந்தது. பின்னே வந்த ருசால்கா கண்ணுக்கு மறைந்தது, மறைந்தது மறைந்ததே. பன்னிரண்டு அதிகாரிகளும் 165 மாலுமிகளும் அதிலிருந்தனர். ஒரே ஒரு மாலுமியின் உடல் மட்டும் படகொன்றிலே கரையொதுங்கியது. வாரக்கணக்கில் தேடினர். மறு ஆண்டில் வானிலே பலூனைப் பறக்கவிட்டு, அதிலிருந்தும் கடலைத் துழாவினர். பயனில்லை.

பின்னர் விசாரணை நடந்தது. புயலின்போது தளத்தின் வாயில்களை அடைத்து மூடும் மூடிகள் கப்பலில் இல்லை என்பதும், அவை குரோன்ஸ்தாத் துறைமுகத்திலேயே விட்டுவைக்கப்பட்டன என்பதும் அப்போது வெளிப்பட்டன. கப்பல்களை அனுப்பிய தளபதி கண்டிக்கப்பட்டார். துணையை விட்டு அகன்ற தூச்சாவின் தலைவர் பதவி இழந்தார். கடலின் சீற்றம் பெரிதுதான். ஆயினும் மனிதரின் அசட்டையும் அச்சீற்றத்துக்குத் துணை நின்றது.

பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையைக் கொண்டு, எஸ்தோனியச் சிற்பி அமாந்துஸ் அதாம்சன் இச்சின்னத்தை உருவாக்கினார். ஒன்பதாம் ஆண்டு நினைவு நாளில், 1902ஆம் ஆண்டில், அது திறந்துவைக்கப்பட்டது. அலையைப் பிளந்தெழும் கப்பலின் முகப்பைப் போலப் பீடம் அமைந்தது. புயலிற் சிக்கிய ருசால்காவின் உருவம் அதிலே வெண்கலத்திற் புடைத்து நிற்கிறது. இறந்தோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டன.

வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எழுப்பி அவன் பெயரை அதிலே பொறிப்பது தமிழரின் பழைய வழக்கம். உடல் கிடைக்காதவிடத்துக் கல்லே உடலாகும், பெயரே உயிராகும். தலின் கடற்கரையிலும் அதுவே நிகழ்ந்தது. கல்லறை இல்லாத மாலுமிகளின் தாய்மாரும் மனைவியரும் மலர் வைக்க ஓர் இடம் கிடைத்தது.

அதன்பின் ஆட்சிகள் பல மாறின. ருஷ்யப் பேரரசு மறைந்தது. எஸ்தோனியா 1918ஆம் ஆண்டில் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தது. 1940ஆம் ஆண்டில் சோவியத் ஆட்சிக்குள் வந்தது. 1991ஆம் ஆண்டில் மீண்டும் விடுதலை பெற்றது. ஆட்சி மாறுந்தோறும் சிலைகள் பல பெயர்க்கப்பட்டன. இத்தேவதை மட்டும் நிலைத்து நின்றது. இது வென்ற அரசனின் புகழைப் பேசவில்லை. கடமையின் வழியிலே மாண்டவர்க்காக நிற்கிறது. மணவிழா முடித்த இளந்தம்பதியர் இங்கு வந்து மலர் வைப்பதும் வழக்கமாயிற்று.

கடல் தன் இரகசியத்தை 110 ஆண்டுகள் காத்தது. எஸ்தோனியக் கடல்சார் அருங்காட்சியகத்தார் 2003ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிக்குத் தெற்கே, ஏறத்தாழ 74 மீற்றர் ஆழத்தில் கப்பலைக் கண்டனர். முன்பகுதி சேற்றிற் புதைய, பின்பகுதி மேல்நோக்கி நிமிர, ஏறக்குறையச் செங்குத்தாக அது நின்றுகொண்டிருந்தது. கரையிலே கல்லில் எழுந்த நினைவுச் சின்னம் ஒன்று. கடலடியிலே இரும்பில் நிற்கும் நினைவுச் சின்னம் மற்றொன்று. முன்னது இறந்தோரைப் போற்றுகிறது. பின்னதோ, அவர்களைப் பாதுகாப்பின்றிக் கடலுக்கு அனுப்பியவர்களின் பொறுப்பை நினைவூட்டுகிறது. மாண்டவர்க்குச் செய்யும் மரியாதை, இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதே நிறைவு பெறும்.