ஆணியும் கயிறும்: முந்தற் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஆணி என்றதும் இரு பலகைகளைப் பிணைக்கும் இரும்புத் துண்டே இன்று நினைவுக்கு வருகின்றது. தமிழ் வழக்கை ஊன்றி நோக்குமிடத்து, பிணைத்தல் அச்சொல்லின் ஒரு கூறு மட்டுமே என்பது புலனாகும். தேர்ச் சக்கரம் கழலாது காப்பது அச்சாணி; சிறியதன் பெரும் பயனுக்கு வள்ளுவர் 667ஆம் குறளில் அதனையே சான்றாக்கினார். இருக்கு வேதத்திலும் ஆணி தேருக்குரிய உறுப்பே. ஓலையிற் கீறுவது எழுத்தாணி. நிலத்தில் நேரே இறங்குவது ஆணிவேர். மாற்றுக் காணும்போது ஏனைய பொன்னுக்கு அளவாக நிற்பது ஆணிப்பொன். முத்துக்களிற் சிறந்தது ஆணிமுத்து. (காலில் வரும் ஆணி இப்பெருமையிற் சேராது.) அசையாது நிற்றல், பிறவற்றுக்கு அளவாதல் என்பனவே இவற்றுட் பலவற்றின் அடிக்கருத்து. தேர்த்தச்சர், பொற்கொல்லர், ஏடெழுதுவோர் ஆகிய நிலத்துத் தொழிலாளரின் பட்டறைகளில் இச்சொல் வளர்ந்தது எனலாம். கடலோடிகளின் கலத்தில் அதற்கு அத்துணை இடமில்லை. கட்டுமரம் என்னும் பெயரிலேயே கட்டு உள்ளது, ஆணி இல்லை.

இதற்குப் புத்தளம் மாவட்டத்து முந்தற் பகுதி நல்ல விளக்கமாகும். களப்பும் உப்பளமும் ஒல்லாந்தர் வாய்க்காலும் சூழ்ந்த கரை இது. 1344இல் இபுனு பதூதா புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். மன்னர் தம் முத்துக்களைக் காட்டி அவற்றின் சிறப்பை வினவினார் என எழுதியுள்ளார். அவர் பின்னர் குறிக்கும் மன்னார் மண்டலி முந்தலே என்ற கருத்தும் உண்டு. இலங்கைக்கு வருமுன் மாலைதீவில் தங்கியிருந்த அவர், தென்னங் கயிற்றால் தைக்கப்பட்ட கலங்களைப் பற்றிக் கூறுவது இவண் முக்கியமானது. இந்தியப் பெருங்கடலிற் பாறைகள் மிகுதி. ஆணியறைந்த கலம் மோதினால் உடையும், கயிற்றால் தைத்த கலமோ நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் தரும் காரணம்.

மேனாட்டார் பலர் இதனை வேறாகக் கண்டனர். இலங்கையை அண்டிய தீவுகளிற் காந்தக்கல் ஆணிகளை ஈர்க்கும் என்ற கதை நெடுங்காலம் நிலவியது. ஆறாம் நூற்றாண்டினரான புரோகோப்பியசு அதனை மறுத்தார். ஆயினும் இந்தியரிடம் இரும்பு இல்லாமையே காரணம் என்று அவர் கூறியது பொருந்தாது. சமனலவாவிப் பகுதியில் பருவக்காற்றினால் இயங்கிய இரும்புலைகள் 1990களில் ஆராயப்பட்டன. முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியிலேயே இலங்கையில் உயர்ந்த உருக்கு விளைந்தது என்பதற்கு அவை சான்று. இரும்பு இருந்தது, கலத்துக்கு அது வேண்டப்படவில்லை. உப்புநீரில் இரும்பு துருவேறும்; துரு இரும்பினும் மிக்க இடத்தைக் கொள்வதால் ஆணி தான் பிணைத்த பலகையையே பிளக்கும். கயிறும் நைந்து போவதே. எனினும் அதனை அறுத்துப் பலகைக்குச் சேதமின்றி மீளத் தைக்கலாம். ஆணியின்மையைத் தொழிற் பின்னடைவாகக் கருதிய எழுத்தாளர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தாரல்லர்.

இன்று இலங்கைக் கரைகளில் மிகுந்துள்ள கண்ணாடியிழைப் படகுகள் அச்சில் வார்க்கப்படுவன. மேற்குக் கரையில் எஞ்சியுள்ள பக்கமிதவைத் தோணிகளிலோ, மிதவையைத் தோணியோடு சேர்க்கும் வளைகழிகள் இன்னும் கயிற்றாலேயே வரிந்து கட்டப்படுகின்றன.