பிசையும் கைக்கு எந்திரம் எப்போது வந்தது?

வீட்டில் ரொட்டி சுட ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் மெக்கானிக் அல்ல, வரலாற்று வாத்தியார். ஆனாலும் இதற்குப் பாதி பதில் வரலாற்றிலேயே இருக்கிறது.

நம் கெலவரப்பள்ளிப் பக்கம் ராகி பூமி. நாம் களி என்பதைக் கன்னடக்காரர் முத்தே என்பார்கள். கொதிக்கிற பானையில் கட்டி விழாமல் கிண்டுவது தோள்பட்டை வேலை. ஆனால் ராகியில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும் அதன் புரதம் குளூட்டன் வலையாக மாறும். மடித்து, அழுத்தி, இழுக்க இழுக்க அந்த வலை பலப்பட்டு, ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைக்கும். ரொட்டி உப்புவது அதனால்தான். பத்து, பதினைந்து நிமிடம் பிசைய வேண்டியிருப்பதும் அதனால்தான்.

நம் எல்லைப்புறத்துக்குப் பேக்கரி ருசி பெங்களூரு வழியாக வந்தது. ஹாசன் பக்கத்து எச்.எஸ். திருமலாச்சார் 1898-ல் சிக்பேட்டையில் தொடங்கிய கடையிலிருந்துதான் 'ஐயங்கார் பேக்கரி' என்ற பெயரே பரவியது.

எந்திரத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1908-ல் ஹோபார்ட் கம்பெனியின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ஒரு பேக்கரிக்காரர் பெரிய கரண்டியால் மாவு கலக்கிப் படும் பாட்டைப் பார்த்தார். 1914-ல் 80 குவார்ட், அதாவது சுமார் 76 லிட்டர் கொள்ளும் மிக்ஸர் வந்தது. வீட்டுக்கான 'கிச்சன்எய்ட்' வந்தது 1919-ல். எடை சுமார் 30 கிலோ, விலை 189 டாலர் 50 சென்ட். இங்கிலாந்தில் கென்னத் வுட்டின் 'கென்வுட் செஃப்' 1950-ல் வந்தது.

வரிசையைக் கவனியுங்கள். கூலி கொடுக்கும் பேக்கரிக்குத்தான் எந்திரம் முதலில் போனது. கூலி வாங்காத வீட்டுக் கை காத்திருந்தது.

நம் நாட்டிலும் அப்படித்தான். கோவையில் சபாபதி 1955-ல் வெட் கிரைண்டர் செய்தார். 1963-ல் சத்யபிரகாஷ் மாத்தூர் 'சுமீத்' மிக்ஸிக்கான கம்பெனியைத் தொடங்கினார். அவர் மனைவியின் ஜெர்மன் மிக்ஸி எரிந்துபோய், இங்கே ரிப்பேர் செய்ய வழியில்லாததுதான் அதற்குக் காரணம். தமிழக அரசு 2011-ல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்த பிறகுதான் எத்தனையோ வீடுகளில் ஆட்டுக்கல் ஓய்வு பெற்றது.

இனி வாங்கும் விஷயம். ஒவ்வொரு எந்திரமும் ஒரு வேலைக்காகப் பிறந்தது. மிக்ஸி பிளேடு வெட்டும், பிசையாது. கிரைண்டரோடு வரும் பிசையும் கை சப்பாத்தி மாவுக்கு உதவும். ஸ்டாண்ட் மிக்ஸரின் கொக்கி தானும் சுழன்று, பாத்திரத்தையும் சுற்றி வரும்.

பாத்திரம் எத்தனை லிட்டர் என்று பார்க்காதீர்கள். எத்தனை கிலோ ரொட்டி மாவு தாங்கும் என்று கேளுங்கள். 1 கிலோ மைதாவும் 650 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் 1.65 கிலோ பிண்டம். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம் என்று கையேட்டில் பாருங்கள். பிசைவது குறைந்த வேகத்தில்தான். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் எந்திரம் 120 வோல்ட்டுக்கானது. நமக்கு 230. நேராகச் செருகினால் எரிந்துவிடும். பல்சக்கரமும் கொக்கியும் ஓசூரிலோ பெங்களூரிலோ கிடைக்குமா என்பது கடைசிக் கேள்வி. சுமீத் பிறந்த கதையும் அதுதானே!

என் மாணவி ஒருவர் வீட்டில் ரொட்டி சுட்டு விற்கிறார். தினம் 3 கிலோ மாவு. மணிக்கட்டு வீங்கி, பாதி ஆர்டரை விட்டுவிட்டார். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம் மட்டும். அவரிடம் சொன்னேன்: "அம்மா, அழகான வீட்டு மிக்ஸரில் இந்தப் பணத்தைப் போடாதே. தினம் 3 கிலோ என்பது வீட்டு வேலை இல்லை, பேக்கரி வேலை. பாத்திரமும் சேர்ந்து சுற்றுகிற சின்ன ஸ்பைரல் மிக்ஸரைப் பார். உன் மாவைக் கடைக்கே கொண்டுபோய், பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்." அதுவரை, மாவையும் தண்ணீரையும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு ஈஸ்ட், உப்பு சேர்த்துப் பிசையச் சொன்னேன். பிரெஞ்சு ரொட்டி ஆசான் ரேமண்ட் கால்வெல் பரப்பிய முறை இது. குளூட்டன் தானே பாதி உருவாகிவிடும். காசு செலவில்லை, கைக்கும் ஓய்வு.

உங்கள் வீட்டுக்கு முதல் கிரைண்டர் எந்த வருஷம் வந்தது, அதற்கு முன் யார் ஆட்டினார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஓர் அம்மாவின், பாட்டியின் பெயர்தான் வரும். அதையும் வரலாற்றில் சேர்க்க வேண்டும்.