மண்ணை மேலே எறிந்தவர்கள்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மலை என்றால் குறிஞ்சி. முதல், கரு, உரி என்று ஒப்பித்துவிடலாம். சரிவில் மண் எப்படித் தங்கி நிற்கிறது, யார் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்கிற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கென்யாவின் மச்சாக்கோஸ் மாவட்ட வரலாற்றை வாசித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

1937-இல் காலனிய அரசின் மண்காப்பு அதிகாரி காலின் மேஹர், கம்பா மக்கள் வாழும் மச்சாக்கோஸைச் சீரழிவின் கோர உதாரணமாகப் பதிவு செய்தார். அளவுக்கு மீறி மாடு வளர்க்கிறார்கள், விவசாயம் தெரியவில்லை என்பது குற்றச்சாட்டு. சுற்றியிருந்த நிலங்களை வெள்ளையர் பண்ணைகளுக்கும் அரசுக்கும் ஒதுக்கிவிட்டு, மக்களை ‘ரிசர்வ்’ எல்லைக்குள் நெருக்கிய கதை அடக்கி வாசிக்கப்பட்டது. 1938-இல் அரசு மாடுகளைக் கட்டாயமாக விற்க வைத்தது. முயிந்தி ம்பிங்கு தலைமையில் மக்கள் நைரோபிக்கு நடந்தே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவரை லாமு தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஆனால் கட்டாய விற்பனையைக் கைவிட வேண்டியதாயிற்று.

உலகப்போருக்குப் பின் கட்டாயம் மண்வெட்டி வடிவில் வந்தது. சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், பள்ளம் வெட்டி மண்ணைக் கீழ்ப்புறம் தள்ள வேண்டும். வேலை சீக்கிரம் முடியும். அதிகாரி நீளத்தை அளந்து கணக்குக் காட்டலாம். ஆனால் மேலிருந்து வரும் வண்டலில் பள்ளம் தூர்ந்துபோகும். ஆண்கள் கூலிக்கு நகரம் போய்விட்டதால் சுமை பெண்கள் தலையில். நைரோபிக்கு வடக்கே, கிக்குயு மக்களின் முராங்காவிலும் இதே கதைதான். அங்கே 1947-இல் கூடிய கூட்டம், பெண்கள் இனி இந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்று தீர்மானித்தது. ‘சோம்பேறிகள்’ என்று சொல்ல அதிகாரத்துக்கு இது போதாதா?

அதே கம்பா மக்கள் பிறகு செய்தது என்ன? கட்டாயம் போனபின், பெரும்பாலும் பெண்களே நிரம்பிய ‘ம்வெத்யா’ என்னும் கூட்டு உழைப்புக் குழுக்களாகச் சேர்ந்து, அதைவிடக் கஷ்டமான ஒரு முறையைக் கையில் எடுத்தார்கள். சுவாஹிலியில் ‘ஃபன்யா ஜூ’. பள்ளத்து மண்ணைக் கீழே தள்ளாமல் மேலே எறிந்து கரை கட்டுவது. உழவிலும் மழையிலும் இறங்கிவரும் மண் கரைக்குப் பின்னால் தேங்கும். சில வருஷங்களில் சரிவு தானாகப் படியாகிவிடும். ஓடும் நீர் வேகமிழந்து நிலத்துக்குள் இறங்குவதால், மழை குறைந்த பருவத்தில் சரிவு நிலத்துச் சோளம் வாடும்போது படிவயல் தாக்குப்பிடிக்கும். கரையில் நட்ட புல் மாட்டுக்குத் தீனி. இதற்கு விலையும் உண்டு. கரையும் பள்ளமும் கொஞ்சம் நிலத்தைத் தின்னும். படியின் மேல்பாதியில் அடிமண் வெளிப்பட்டு, எரு போட்டுத் தேற்றும்வரை அங்கே விளைச்சல் இளைக்கும். அந்த நஷ்டத்தைத் தாங்க, நிலம் நம்முடையது என்ற நம்பிக்கை வேண்டும்.

நம்பிக்கையோடு காசும் வேண்டியிருந்தது. 1954 முதல் மச்சாக்கோஸில் ஆப்பிரிக்கர்கள் காப்பி பயிரிட அனுமதி கிடைத்தது, படிவயலில்தான் என்ற நிபந்தனையோடு. நைரோபிச் சந்தையும், அங்கிருந்து வந்த கூலிப்பணமும் சேர்ந்துகொண்டன. 1930களில் சுமார் 2.4 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1989-இல் ஏறத்தாழ 14 லட்சம். மண் அரிப்போ குறைந்திருந்தது.

1994-இல் டிஃபனும் மார்ட்டிமோரும் கிச்சுகியும் இந்தக் கதையைப் புத்தகமாக்கினார்கள். ஜனத்தொகையைப் பூதமாகக் காட்டியவர்களுக்கு அது நல்ல பதிலடி. ஆனால் மக்கள் பெருகினால், சந்தை திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதைச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நகரக் கூலி வராத வீடு, காப்பி வைக்க நிலமில்லாத குடும்பம் என்ன ஆயிற்று? பெண்களின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி எந்த மலையிலாவது ‘விழிப்புணர்வு இல்லாத விவசாயிகள்’ என்று ஓர் அறிக்கை வந்தால், நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்த நிலம் யாருடையது, விளைச்சல் யாருக்குப் போகிறது?