மண்டபசாலை மிஷன் வளாகத்தின் அன்றாடம்

கமுதிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையிலுள்ள மண்டபசாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மதுரை மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. நிலையம் என்பது மிஷனரிக் குடும்பம் ஒன்று தங்கி, சுற்றுவட்டாரக் கிராமச் சபைகளையும் பள்ளிகளையும் கண்காணித்துவந்த ஊர். இந்த மிஷனை நடத்திய, 1810இல் தோன்றி பாஸ்டன் நகரிலிருந்து இயங்கிய அயல்நாட்டு மிஷன் வாரியம், யாழ்ப்பாணத்தில் முன்பே வேரூன்றியிருந்த தன் ஊழியர்கள் வழியாக 1834இல் மதுரைக்கு வந்தது; மறு ஆண்டே அதன் ஊழியர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கும் சென்றனர். மண்டபசாலையில் மிஷனரி ஹொரேஸ் டெய்லர் 1871இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

இத்தகைய நிலையத்தின் பங்களா, பருத்த சுவர்களும் உயர்ந்த கூரையும் சுற்றுத் தாழ்வாரமும் கொண்டு வெயிலை வெளியே நிறுத்தக் கட்டப்பட்டது. ஆயினும் அதைக் குடும்பத்தின் தனி இல்லம் என்று கொள்வது பொருந்தாது. தாழ்வாரத்திலேயே மருந்து கொடுக்கப்பட்டது, வழக்குகள் கேட்கப்பட்டன, உபதேசியார்கள், அதாவது கிராமச் சபைகளில் பாடம் சொல்லி வழிபாடு நடத்திய உள்ளூர்ப் பணியாளர்கள், மாதச் சம்பளம் பெற்றுத் தம் அறிக்கைகளை ஒப்புவித்தனர்.

வளாகத்தின் நடைமுறையைத் தாங்கியவர் பெரும்பாலும் மிஷனரியின் மனைவியே. 'ஐயர்' என்று சபையாரால் அழைக்கப்பட்ட கணவர் கிராமங்களில் சுற்றிவர, வளாக விடுதியில் தங்கிய பெண்பிள்ளைகளின் படிப்பு, தையல், உணவு, நோய் ஆகிய அனைத்தையும் கவனித்ததோடு, தம் குழந்தைகளுக்கு ஆசிரியையாகவும் இருந்தவர் அவர். வாரியத்தின் பதிவேடுகளோ அவரை 'உதவி மிஷனரி' என்றே குறித்தன. வேலையின் அளவை நோக்கினால், யார் யாருக்கு உதவினர் என்று ஐயுறத் தோன்றுகிறது.

நேட்டாலில் குடியேறியவர்கள் பலவற்றைத் தம் கையாலேயே கட்டியும் பயிரிட்டும் கொள்ள நேர்ந்ததற்கு மாறாக, இங்கே சமையற்காரர், ஆயா, தண்ணீர் சுமப்பவர், வண்ணார், வண்டிக்காரர் எனத் தனித்தனித் தொழிலாளர் கிடைத்தனர். 1847இல் தன் ஊழியர்கள் சாதியைக் கைவிட்டுச் சமபந்தியில் அமரவேண்டும் என்று கட்டாயப்படுத்தி, மறுத்தவர்களை விலக்கிய அதே மிஷன், ஒருவர் வேலையை மற்றவர் தொடாத இந்தப் பகுப்பைத் தன் வீட்டுக்குள் பெரிதும் ஏற்றுக்கொண்டது. ரொட்டி மாவு புளிக்கத் தென்னிந்திய வெள்ளையர் சமையலறைகளில் கள் பயன்பட்டது என்பதும், மதுவிலக்கைப் போதித்த குடும்பங்களைப் பொறுத்தவரை சுவையான முரண்தான்.

வெயில் தணிந்த மாதங்கள் சுற்றுப்பயணத்துக்குரியவை. கூடாரம், கட்டில், பாத்திரம், புத்தகப் பெட்டி ஆகியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஊருணிக் கரையிலோ தோப்பிலோ தங்கி, அண்டைக் கிராமங்களுக்கு நடந்து சென்று பிரசங்கித்தனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் இளகிச் சக்கரங்களை அச்சுவரை விழுங்கியதாலும், குண்டாற்றில் வெள்ளம் வந்தால் அக்கரை செல்ல இயலாததாலும், பயணக் காலத்தைத் தீர்மானித்தது வாரியமன்று, வானமே. கோடையில் நிலைமை தலைகீழாகும். கண்மாய்கள் வற்றிக் குடிநீர் கெட, வாந்திபேதி பரவியது.

இத்தகைய நோய்களே மலைக்கு வழிகாட்டின. தொடக்க ஆண்டுகளில் மிஷனரிகளும் குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்ததால், 1845இல் கொடைக்கானலில் மிஷன் இரு வீடுகளைக் கட்டியது. சமவெளியில் இரவு முழுதும் மாட்டுவண்டியில் சென்று, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து சுமையாளர் தோளில் டோலியிலும் நாற்காலியிலும் ஏறவேண்டியிருந்தது. கோடையில் மலைக்குப் போகும் வசதி குடும்பத்துக்கு இருந்தது, உபதேசியாருக்கு இல்லை. அவரே அந்த மாதங்களில் சபையைக் காத்தார்.

குழந்தைகள் சற்று வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை கப்பல்கள் பெரும்பாலும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே வந்ததால், ஒரு கடிதமும் அதற்கான பதிலும் வந்துசேர மாதங்கள் பல ஆயின. பெற்றோர் பிள்ளைகளின் நோயை அது தீர்ந்த பின்னரே அறிந்தனர். 1901இல் கொடைக்கானலில் மிஷனரிக் குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கிய பிறகு பிரிவுக்குரிய வயது தள்ளிப்போயிற்று. ஆனால் உயர்கல்விக்காக அவர்கள் கடல்கடந்து செல்வது தொடர்ந்தது.