களிமண்ணில் விழுந்த குண்டுகள்

நான் வேலை பார்த்த கட்டுமானத் தளத்தில் ஒரு நாள் மேலிருந்து ஸ்பேனர் விழுந்தது. ஒரு கிலோ இருக்கும். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகம், 20 மீட்டரிலிருந்து விழுந்தால் 20 மீட்டர் என்றேன்.

"அப்ப அடியும் ரெண்டு மடங்குதான, தம்பி?" என்றார் சாரம் கட்டும் அண்ணன் ஒருவர்.

"இல்லண்ணே, நாலு மடங்கு."

"எப்படி?"

படிவம் நான்கில் மலாயில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான் வாயில் வந்தது. அவர் தலையாட்டினார். புரியவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அண்ணன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. ஐரோப்பாவின் பெரிய மூளைகள் அரை நூற்றாண்டுக்கு மேல் அடித்துக்கொண்ட கேள்வி அது. இயங்கும் பொருளின் வலிமையை எடையையும் வேகத்தையும் பெருக்கி அளக்கலாம் என்றார் டெகார்ட். 1686இல் லைப்னிஸ் அதை மறுத்தார். ஒரு ராத்தல் கல்லை நான்கு முழம் தூக்குவதும், நான்கு ராத்தல் கல்லை ஒரு முழம் தூக்குவதும் ஒரே உழைப்பு. அப்படியென்றால் இரண்டும் கீழே வரும்போது ஒரே வலிமையோடுதான் வர வேண்டும். ஆனால் நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு வேகம் இரண்டு மடங்குதான் என்று கலிலியோ முன்பே காட்டிவிட்டார். டெகார்ட் கணக்கில் ஒன்றுக்கு 2, மற்றதற்கு 4. உதைக்கிறது. வேகத்தை வர்க்கமாக்கினால் இரண்டும் 4.

1722இல் ஹாலந்தின் லெய்டனில் கிராவெசாண்ட என்ற பேராசிரியர் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரட்டிப்பானால் பள்ளம் நான்கு மடங்கு. அதுவரை எதிர்க்கட்சியில் இருந்தவர், களிமண்ணைப் பார்த்துக் கட்சி மாறினார். எனக்கு இந்த இடம் பிடிக்கும்.

பிரான்ஸில் சண்டை ஓயவில்லை. 1740இல் எமிலி து ஷாத்லே தன் இயற்பியல் நூலில் லைப்னிஸின் பக்கம் நின்று, மேரான் என்பவரின் வாதத்தைத் தாக்கினார். மேரான் பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலாளர் ஆனவர். அந்தக் கழகத்தில் அன்று பெண்களுக்கு இடமே கிடையாது. 1741இல் மேரான் மறுப்பை அச்சிட்டார். அதே ஆண்டு எமிலி அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் அச்சிட்டார். 1749இல், குழந்தை பெற்ற சில நாட்களில், 42 வயதில் இறந்துபோனார். நியூட்டனின் பிரின்சிபியாவுக்கு அவர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1759இல்தான் முழுமையாக வெளிவந்தது. நம் பாடநூலில் அவர் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அடுத்த மீட்டிங்கில் நான் சூத்திரம் சொல்லவில்லை. "அண்ணே, ஒரு கிலோ சாமானை 5 மீட்டர் தூக்கிட்டுப் போறதுக்கும் 20 மீட்டர் தூக்கிட்டுப் போறதுக்கும் உழைப்பு எத்தன மடங்கு?"

"நாலு."

"தூக்குன உழைப்பு எங்கயும் போகல. விழும்போது அவ்வளவும் திரும்பி வருது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இடுப்பில் இருந்த ஸ்பேனரைக் கயிற்றில் கட்ட ஆரம்பித்தார்.