சொல்தாவின் ஓய்வூதியம்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பத்தை அடுத்துள்ளது பூரணாங்குப்பம். புதுவையின் இத்தகைய தென்புறக் கிராமங்களில் 'சொல்தா' என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டுவதில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவரை மக்கள் அவ்வாறே அழைப்பர். காரைக்கால் முஸ்லிம்கள் வணிகத்தின்பொருட்டுச் சைகோனுக்குக் கப்பலேறிய காலத்தில், அதே கடல்வழியில் துப்பாக்கி ஏந்தச் சென்றவர்கள் இவர்கள். இவர்தம் ஓய்வூதியத்தின் வரலாறு நாம் சிந்திக்கத்தக்கதாகும்.

1954 நவம்பர் 1இல் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1962 ஆகஸ்ட் 16இல் அது நடைமுறைக்கு வந்தது. புதுவைப் பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றுமுதல் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

இதற்கு முன்னரே பாரிசில் ஒரு சட்டம் பிறந்திருந்தது. 1959 டிசம்பர் 26ஆம் நாளிட்ட நிதிச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிரெஞ்சு ஒன்றியத்தைச் சேர்ந்திருந்த நாடுகளின் குடிமக்களுக்குரிய படை ஓய்வூதியங்களை அன்றைய தொகையிலேயே நிறுத்திவிட்டது. விலைவாசி ஏறும், பிரெஞ்சுக் குடிமகனின் ஓய்வூதியமும் ஏறும், மற்றவருடையதோ உறைந்து நிற்கும். ஆகவே, ஒரே போர்க்களத்தில் நின்ற இருவரைப் பிரித்தது அவர்கள் செய்த பணியன்று. கையில் இருந்த குடியுரிமைத் தாளே.

இந்த அநீதியை எதிர்த்து முதலில் உலக அரங்கை நாடியவர்கள் செனகல் நாட்டு முன்னாள் படைவீரர்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் அளித்த முறையீட்டை ஆராய்ந்த ஐ.நா. மனித உரிமைக் குழு, 1989 ஏப்ரலில், இது சமத்துவத்துக்கு மாறானது எனக் கூறிற்று. அதன் கருத்துக்குச் சட்டத்தை மாற்றும் ஆற்றல் இல்லை. 2001 நவம்பர் 30இல், அமாது தியோப் என்னும் செனகல் வீரரின் வழக்கில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அவரோ 1996இலேயே மறைந்துவிட்டார்.

தீர்ப்புக்குப்பின் நாடாளுமன்றம் செய்தது அரைகுறையான திருத்தமே. வாழும் நாட்டின் விலைவாசியைக் கணக்கிட்டுத் தொகையை அளந்தனர். வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய திரைப்படமொன்று 2006இல் மக்களின் மனத்தைத் தொட்ட பின்னரே, போர்வீரர் உதவித்தொகையும் ஊனமுற்றோர் ஓய்வூதியமும் 2007 முதல் சமமாக்கப்பட்டன. எஞ்சியிருந்த வேற்றுமையை அரசியலமைப்பு மன்றம் 2010 மே 28இல் செல்லாதென அறிவித்தது. புதுவையின் உடன்படிக்கை கையொப்பமான அதே நாள். இடையே கழிந்தவை ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! 2011ஆம் ஆண்டுக்கான நிதிச் சட்டம் முழுச் சமத்துவத்தை வகுத்தது.

படைவீரரின் உரிமையைப் பதிவேட்டில் எழுதிக் காக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய தீவான், வீரர்க்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் ஆண்டு உதவித்தொகை வழங்கிற்று. தமிழில் வழங்கும் 'திவான்' என்னும் சொல்லின் மூலமும் அதுவே. அப்பதிவேட்டிலும் ஏற்றத்தாழ்வு இருந்ததுண்டு. ஆயினும் நபிகளாரின் (ஸல்) உறவுக்கு அடுத்து, முந்திச் செய்த தொண்டே அளவுகோலாயிற்று.

தாமதமான சட்டமும் சட்டமே. அதன் பயனை விதவையர் சிலரேனும் கண்டனர். ஆனால் காத்திருந்து மண்ணுக்குள் சென்றவருக்கு அது என்ன பயன் தந்தது? புதுவைக் கடற்கரையில், முதல் உலகப் போரில் மாண்டவர்க்காக 1938இல் எழுப்பிய நினைவுச்சின்னம் நிற்கிறது. மாண்டவர்க்குக் கல் நாட்டுவது எளிது. உயிரோடு திரும்பியவனுக்கு, அவன் உயிரோடு இருக்கும்போதே உரியதைக் கொடுப்பதுதான் ஓர் அரசின் நேர்மைக்குச் சோதனை என்பதை நாம் மறக்கலாகாது.